வக்கீல் படிப்புக்கு எவ்வளவு செலவு செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்திலிருந்து சட்டப் படிப்பைப் பற்றி விசாரிப்பவர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். நான் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு நடத்துகிறவன். எந்தக் கல்லூரிக்கும் ஆள் சேர்த்துக் கொடுப்பவன் அல்ல. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கட்டணங்கள் ஆண்டுதோறும் மாறும். ஆகவே கட்டணம் என்று வரும் இடங்களில் தோராயக் கணக்கே இருக்கும்.

ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?

இடத்துக்கு இடம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்றால் அதிலும் சலுகை உண்டு. நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும் பார்த்து அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இடம் தருகிறது. அங்கே பெரிய செலவு என்றால் அறை வாடகையும் சாப்பாடும்தான். அதே பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் கட்டணம் பல மடங்கு கூடும்.

திருச்சியில் இருப்பது போன்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் விடுதி, உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சத்திலிருந்து நான்கு லட்சத்தைத் தாண்டியும் போகிறது. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு உச்சவரம்பு என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. வடக்கே சில இடங்களில் ஐந்தாண்டுக்கு முப்பது லட்சத்துக்கு மேல் ஆகிறது.

இதில் யாரும் சேர்க்காத ஒரு செலவு இருக்கிறது. பட்டம் வாங்கிய பிறகு வருமானமே இல்லாமலோ, பஸ் கட்டணத்துக்கு மட்டும் போதுகிற வருமானத்திலோ கழியும் ஜூனியர் காலம். என்னைக் கேட்டால், கல்லூரிக்கு ஒரு ரூபாய் ஒதுக்கும் குடும்பம் அந்தக் காலத்துக்கும் ஒரு ரூபாய் ஒதுக்க வேண்டும். கீழே எழுதியிருப்பதில் பாதி இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்.

எங்கள் காலத்தில் வக்கீல் படிப்பு ஏழைக்கும் எட்டுகிற படிப்பாக இருந்ததே, எப்போது இப்படி ஆயிற்று?

இப்போதும் எட்டுகிறது, அரசுக் கல்லூரியில். மேலே இன்னொரு அடுக்கு முளைத்ததுதான் மாற்றம். 1987இல் பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி தொடங்கப்பட்டது. என்.ஆர். மாதவ மேனன் அதன் முதல் இயக்குநர். மாலை நேரத்தில் வந்து போகும் படிப்பாக இருந்த சட்டத்தை, விடுதியில் தங்கி ஐந்தாண்டு முழு மூச்சாகப் படிக்கும் படிப்பாக மாற்றியது அது. நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகத் தனிச் சட்டம் இயற்றித் தங்களுக்கும் ஒன்றை அமைத்துக்கொண்டன. தமிழ்நாட்டின் சட்டம் 2012இல் வந்தது.

சிக்கல் பணத்தில். பெயரில் 'தேசிய' என்று இருந்தாலும் ஐ.ஐ.டி.க்கு மத்திய அரசு கொடுப்பதுபோல் இவற்றுக்கு யாரும் அள்ளிக் கொடுப்பதில்லை. மாநில அரசு நிலமும் கட்டடமும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆசிரியர் சம்பளமும் அன்றாடச் செலவும் பெருமளவுக்கு மாணவர் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். தனியார் பல்கலைக்கழகங்கள் இந்தக் கட்டணத்தைப் பார்த்துத் தங்கள் விலையை நிர்ணயித்துக்கொண்டன. கட்டணத்தைப் பார்த்து எழுதிக்கொள்ள முடிந்தது. வேலை கொடுக்க வருகிற நிறுவனங்களை அப்படி வரவழைக்க முடியவில்லை.

நுழைவதற்கே செலவு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுத வேண்டிய, 2008இல் தொடங்கிய 'கிளாட்' பொது நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய். கலந்தாய்வுக்கு முன்பணம் தனி. கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டும். கோச்சிங் போகாமல் தேறுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலப் பத்திரிகை கிடக்கும் வீட்டுப் பிள்ளைகள்.

அதிகக் கட்டணம் கட்டினால் அதற்கேற்ற பலன் உண்டா?

ஒரு கதவுக்கு மட்டும் உண்டு. மும்பை, டெல்லி, பெங்களூரில் உள்ள பெரிய சட்ட நிறுவனங்கள் முன்னணித் தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு நேரில் வந்து ஆள் எடுக்கின்றன; தொடக்கச் சம்பளமே ஆண்டுக்குப் பதினைந்து லட்சத்தைத் தாண்டுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் மகளுக்கு இடம் கிடைத்து, கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதும் வேலையில் அவளுக்கு விருப்பமும் இருந்தால், கடன் வாங்கியாவது படிக்க வைக்கலாம். கல்லூரிகளின் தரவரிசையில் நடுவுக்குக் கீழே போகப் போக அந்தக் கதவு ஒடுங்குகிறது. அதற்கும் கீழே சாத்தியே கிடக்கிறது. கட்டணம் மட்டும் ஒடுங்குவதில்லை.

நீதிமன்றத்தில் வாதாடப் போகிறவருக்கு எந்தக் கல்லூரி என்பது ஏறக்குறைய ஒரு பொருட்டே அல்ல. கட்சிக்காரர் வழக்கு நடத்த அதிகாரம் கொடுத்துக் கையெழுத்திடும் வக்காலத்தில் கல்லூரிப் பெயருக்கு இடம் கிடையாது. கட்சிக்காரர் கேட்பது இரண்டே கேள்வி: எத்தனை வருஷமாகத் தொழில் செய்கிறீர்கள், ஃபீஸ் எவ்வளவு?

புதிதாகச் சேர்ந்த ஜூனியரின் ஒரு காலைப் பொழுதைப் பாருங்கள். பத்தரைக்குள் கேஸ் கட்டுகளைப் பிரித்து, எந்தக் கோர்ட்டில் எது எத்தனையாவது வரிசை என்று டைரியில் குறிக்க வேண்டும். சீனியர் வேறு கோர்ட்டில் சாட்சி விசாரணையில் இருப்பார். இங்கே வழக்கு அழைக்கப்பட்டால் எழுந்து நின்று 'பாஸ் ஓவர்', அதாவது அன்றே சற்று நேரம் கழித்து அழைக்கும்படி, கேட்க வேண்டும். தராவிட்டால் வாய்தா கேட்க வேண்டும், அதற்கும் நீதிபதியின் முகக்குறி பார்த்துக் கேட்கத் தெரிய வேண்டும். நடுவில் நகல் மனு போட வேண்டும், சம்மன் அனுப்பும் செலவுக்கான பேட்டா கட்ட வேண்டும், வழக்கு மனுவான பிராதில் முத்திரைக் கட்டணம் குறைகிறது என்று திருப்பிக் கொடுத்திருந்தால் நீதிமன்ற அலுவலகத் தலைமை எழுத்தரான சிரஸ்தாரிடம் போய் நிற்க வேண்டும். முப்பது லட்சம் கட்டிப் படித்தவருக்கும் மூவாயிரம் கட்டிப் படித்தவருக்கும் அந்த இடத்தில் ஒரே திண்டாட்டம்தான். அதைச் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் குமாஸ்தா.

பதினைந்து லட்சம் கல்விக் கடன் கிடைக்கும் என்று வங்கியில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் ஐந்தாண்டு, வட்டி 10 சதவீதம். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகவே வைத்துக்கொண்டாலும் ஆறாம் ஆண்டின் முடிவில் வட்டி மட்டும் 6 லட்சம். ஆகத் தவணை தொடங்கும்போது கடன் 21 லட்சம். பத்தாண்டில் அடைக்க நினைத்தால் மாதத் தவணை சுமார் 27,750 ரூபாய். பதினைந்து ஆண்டாக நீட்டினால் சுமார் 22,500.

இதை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியின் பதிலைப் படியுங்கள்.

கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகும். அரசின் பட்டியலில் உள்ள தரமான கல்வி நிறுவனங்களுக்கு மட்டும், பிணையில்லாமல் கடன் தரும் பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் 2024 நவம்பரில் வந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்கு, தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. சேரப் போகும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முன்பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள். சேர்க்கை அலுவலகத்தில் 'எல்லா லோனும் கிடைக்கும் சார்' என்று சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஜூனியருக்கு மாதம் எவ்வளவு கிடைக்கும்?

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சொன்னது. அதற்குச் சுற்றறிக்கை அனுப்பும்படி, வழக்கறிஞர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பான தமிழ்நாடு-புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள்.

நடப்பு வேறு. பெரிய அலுவலகங்கள் சிலவற்றில் இந்தத் தொகையும் அதற்கு மேலும் கொடுக்கிறார்கள். மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் ஐயாயிரம் கிடைத்தால் நல்ல சீனியர் என்று பெயர். ஒன்றுமே தராமல் 'தொழில் கற்றுக்கொள்ளத்தானே வந்திருக்கிறாய்' என்பவர்களும் இருக்கிறார்கள். சீனியர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. தாலுகா நீதிமன்றத்து சீனியர் பலருக்குத் தன் குமாஸ்தாவுக்குக் கொடுப்பதே மாதக் கடைசியில் இழுபறி. ஆனாலும் ஒருவரிடம் காலையிலிருந்து இரவு வரை வேலை வாங்கிவிட்டு, சாப்பாட்டுக்குக்கூடக் கொடுக்காமல் அனுப்புவதை மரபு என்று சொல்லிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

ஆக, உத்தரவில் உள்ள 20,000 ரூபாய் அப்படியே கைக்கு வந்தால்கூட, மேலே போட்ட கணக்கில் பதினைந்து ஆண்டுத் தவணைக்கே போதாது. திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைக்கும் மெஸ்ஸுக்கும் அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். இந்த நிலை ஓராண்டில் முடிவதில்லை. சொந்தமாகக் கட்சிக்காரர்கள் வரத் தொடங்க நான்கைந்து ஆண்டாவது ஆகும். அப்பா வக்கீலாக இருப்பவருக்கு அலுவலகம், புத்தகம், பெயர்ப்பலகை மூன்றும் முதல் நாளே தயார். மற்றவர்கள் இந்த நான்கைந்து ஆண்டில்தான் தொழிலை விட்டு நழுவுகிறார்கள். திறமைக் குறைவால் போனவர்களைவிட வாடகை கட்ட முடியாமல் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அரசு உதவி என்று பார்த்தால், ஏழ்மை நிலையில் உள்ள இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று 2020இல் தமிழக அரசு அறிவித்தது. ஆந்திரத்தில் அதற்கு முந்தைய ஆண்டே 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அந்த ஆண்டுகளில் வேறு வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்ய முடியாதா?

முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது. பார் கவுன்சில் விதிகளின் 49ஆம் விதி அதைத் தடுக்கிறது. வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துப் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும். விளம்பரமும் செய்யக் கூடாது, அது 36ஆம் விதி. ஊதியத்துக்கு உத்தரவாதம் இல்லை, வேறு வேலைக்கும் அனுமதி இல்லை, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும் வழியில்லை. தொழிலின் கண்ணியத்துக்காக என்கிறார்கள். அந்தக் கண்ணியத்துக்கான செலவு ஜூனியர் தலையில்தான் விழுகிறது.

பட்டம் வாங்கினால் வக்கீல்தானே? அதற்குமேல் என்ன செலவு?

மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன் 24ஆவது பிரிவில் கட்டணம் 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. சட்டம் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க, மாநில பார் கவுன்சில்கள் நூலகம், நலநிதி, அடையாள அட்டை என்று தலைப்புத் தலைப்பாகச் சேர்த்து வசூலித்தன. ஒடிசாவில் 42,100 ரூபாய், கேரளத்தில் 20,050 ரூபாய் என்று போயிற்று. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் கௌரவ் குமார் வழக்கில் இதை நிறுத்தியது. சட்டத்தில் உள்ள தொகைக்கும் முத்திரைத் தீர்வைக்கும் மேல் எதுவும் வாங்கக் கூடாது என்பது தீர்ப்பு. ஏற்கெனவே கட்டியவர்களுக்குத் திருப்பித் தரத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. அதற்கு முன் பதிவு செய்தவர்கள் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

பிறகு அகில இந்திய பார் தேர்வு. 2010இல் கொண்டுவரப்பட்டது, கட்டணம் பொதுப் பிரிவுக்கு 3,500 ரூபாய். தமிழிலும் எழுதலாம், குறிப்புரை இல்லாத சட்டப் புத்தகங்களை உள்ளே கொண்டு போகலாம். ஒழுங்காகப் படித்தவருக்குக் கடினமில்லை. இதற்கென்று கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவது வீண்.

கோட்டு, கவுன், கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டை, புத்தகங்கள் தனி. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாகப் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. பழைய பதிப்புகளைப் பாதி விலைக்குக் கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் யோசித்து வாங்குங்கள். பழைய வழக்குகளுக்கு இன்னும் வேண்டியிருக்கும். தொழில் தொடங்குகிறவருக்குப் புதியதும் கட்டாயம்.

நல்ல கல்லூரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டடத்தையும் மாதிரி நீதிமன்ற அரங்கையும் காட்டுவார்கள். அது கிடக்கட்டும். பக்கத்தில் இயங்கும் நீதிமன்றம் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். 1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரியின் பெரிய பலம் பாடத்திட்டம் அல்ல, உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்ததுதான். வகுப்பு முடிந்ததும் நடந்து போய்ப் பெரிய வக்கீல்கள் வாதாடுவதைக் கேட்கலாம். மாலையில் தம்புச் செட்டித் தெருவிலோ அரண்மனைக்காரத் தெருவிலோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கட்டு புரட்டலாம். 2018இல் கல்லூரியைச் சென்னைக்கு வெளியே உள்ள பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பிரித்துக் கொண்டுபோனார்கள். மாணவர் மோதல்களுக்குப் பின் அமைத்த விசாரணை ஆணையத்தின் பரிந்துரை அது. காரணம் எதுவாக இருந்தாலும் மாணவர்களுக்கு அந்த நடைதூரம் போய்விட்டது. கட்டணத்தில் எழுதப்படாத இழப்பு.

வேலைவாய்ப்பு பற்றிப் பேச்சு வந்தால், அதிகபட்சச் சம்பளத்தைச் சொல்வார்கள். அது ஒரே ஒரு மாணவருடையது. கடந்த ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு வேலை, நடுவில் உள்ளவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் புதிதாக ஒரு சட்டக் கல்லூரி வரப்போகிறதாம். முன்பதிவு செய்யலாமா?

வேண்டாம். புதிய சட்டக் கல்லூரிகளுக்கு மூன்றாண்டு அனுமதி இல்லை என்று 2025 ஆகஸ்டில் இந்திய பார் கவுன்சில் அறிவித்திருக்கிறது. கல்லூரிகள் பெருகித் தரம் இறங்கிவிட்டது என்பது அவர்களே சொல்லும் காரணம். பழைய கல்லூரியானாலும் பார் கவுன்சில் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்துப் பட்டத்தை வைத்துக்கொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது.

எனக்கு 45 வயது, வங்கியில் வேலை. வகுப்புக்கே போகாமல் வெளிமாநிலத்தில் மூன்றாண்டு எல்.எல்.பி. வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

லெட்டர் பேட் கல்லூரி என்று எங்கள் வட்டாரத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது. தொலைநிலைக் கல்வியில் சட்டப் பட்டம் செல்லாது. நேரடி வகுப்பும் வருகைப் பதிவும் விதிப்படி கட்டாயம். அலுவலகத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட அதே நாளில் நானூறு கிலோமீட்டர் தள்ளி வகுப்பிலும் இருந்ததாகப் பதிவேடு சொன்னால், பின்னால் வேலையும் போகலாம், பதிவும் போகலாம். சட்டம் படிக்கும் ஆசை உண்மையானால் ஓய்வுக்குப் பின் முறையாகப் படியுங்கள்.

மகன் நீதிபதி ஆக வேண்டும் என்கிறான். படித்து முடித்ததும் தேர்வு எழுதலாம் அல்லவா?

முன்பு எழுத முடிந்தது. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் பயிற்சி வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பார் தேர்வில் தேறும் முன்பே செய்யும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அந்த மூன்றாண்டைக் கணக்கிடலாம் என்பது ஓர் ஆறுதல். நீதிமன்றத்தின் உள்ளே நின்று பார்க்காதவர் நீதிபதி இருக்கையில் உட்காரக் கூடாது என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த மூன்றாண்டுச் சாப்பாட்டுச் செலவு யாருடையது என்ற கேள்வி மறுபடியும் உங்கள் வீட்டு வாசலுக்கே வருகிறது. கல்லூரிச் செலவோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சட்ட முதுகலைப் பட்டமான எல்.எல்.எம். படிக்க வெளிநாடு அனுப்பலாமா?

உதவித்தொகை கிடைத்தால் அனுப்புங்கள். அமெரிக்காவின் முன்னணிச் சட்டப் பள்ளிகளில் ஓராண்டுக் கல்விக் கட்டணம் மட்டும் 70,000 டாலரைத் தாண்டுகிறது. இங்கே திரும்பி வந்து தாம்பரம் நீதிமன்றத்தில் வாடகை வழக்கு நடத்துவதற்கு அது தேவையில்லை.

முதலாண்டு முடிந்தது, மகள் பிடிக்கவில்லை என்கிறாள். மூன்றாண்டு படித்து பி.ஏ. மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வர முடியுமா?

முடியாது. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பை நடுவில் பிரித்துப் பட்டம் தரக் கூடாது என்று 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளே சொல்கின்றன. மூன்றாம் ஆண்டில் விட்டால் கையில் பிளஸ் டூ சான்றிதழ் மட்டும்தான் இருக்கும். ஆகவே முடிவு எடுப்பதானால் இப்போதே எடுக்க வேண்டும். அதற்கு முன் இந்தக் கோடை விடுமுறையில் தெரிந்த வக்கீல் யாரிடமாவது சொல்லி, அவளைச் சில வாரம் கோர்ட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். முதலாண்டில் நடத்துவது பெரும்பாலும் வரலாறும் அரசியலும் பொருளியலும். பல பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போவது அந்தப் பாடங்கள்தான், சட்டம் அல்ல. ஒரு குறுக்கு விசாரணையை நேரில் பார்த்துவிட்டு வந்தும் அலுப்பாக இருக்கிறது என்றால், கட்டிய ஓராண்டுக் கட்டணம் போனால் போகிறது என்று வேறு படிப்பில் சேர்த்துவிடுங்கள். சான்றிதழ்களைத் திருப்பித் தர மீதி ஆண்டுக் கட்டணத்தையும் கட்டச் சொல்லிச் சில தனியார் கல்லூரிகள் மிரட்டும். பணம் கட்ட வேண்டாம், எழுத்தில் கேட்டு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.